இளவரசிக்கு ஐந்தாம் பாகம்

நான்கு பாகங்களாக அந்த வீடியோ கேமின் இளவரசிக்குப் பூங்கோதைதான் குரல். பேசியதென்னவோ ஒரே வசனம்: "காப்பாத்துங்க!" ஐந்தாவதிலாவது வேறு ஏதாவது பேசிவிடும் ஆசையில் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்திருந்தாள்.

"இளவரசி இதுல ரொம்ப வளர்ந்துட்டாங்க மேடம். தன்மானம், விடுதலை, பேரெழுச்சி!" என்று இயக்குநர் உருகினார்.

"வசனம் என்ன சார்?"

"அதே காப்பாத்துங்கதான். கொஞ்சம் கம்பீரமா."

திரையில் அரக்கன் இளவரசியின் கழுத்தைப் பிடித்தான். அவள் உதடு அசைந்ததும் பூங்கோதை அடிவயிற்றிலிருந்து சொன்னாள்: "கையை எடுடா!"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநரின் தேநீர் பாதி வழியில் நின்றுவிட்டது. ஒலிப்பதிவாளர் காட்சியைத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்.

"உதட்டசைவுக்குக் கச்சிதமா ஒக்காருது சார்."

பூங்கோதை நிமிர்ந்து நின்று, அரக்கன் என்ன பதில் சொல்லப்போகிறான் என்று காத்திருந்தாள்.