இடது மூலை

முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆன ஜெபகுமார், ஐயம்பேட்டை கபடி மைதானத்தின் ஓரம், அந்தக் காலில் பிரேஸ் பட்டை மாட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இனி ஆட்டமே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நல்ல கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. அவன் நிற்கும் இடது மூலையைக் காலியாக விட்டு, அவன் அணி ஆறு பேரோடு ஆடியது.

கபடி பாடி வந்த எதிரணி செவிலிமேட்டு ஆட்டக்காரன் அந்த மூலையில் கையை வீசிவிட்டுத் திரும்பினான்.

“தொட்டுட்டேன்பா, அவுட்டு!”

“அங்க ஆளே இல்லியே, யாரத் தொட்ட?” என்றான் கேப்டன் அஜித்.

“பிரேஸ் போட்டுக்கினு நின்னானே, அவனத்தான்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஜெபகுமார் குனிந்து பார்த்தான். அவன் பிரேஸில் ஐந்து விரல்கள் மண்ணாகப் பதிந்திருந்தன.

அடுத்து அவன் அணிக்குப் புள்ளி விழுந்தது. புள்ளி விழுந்தால் அவுட்டானவனுக்கு உயிர் வரும்.

“உசுரு வந்துடுச்சு, உள்ள வா ஜெபா!” என்று அஜித் கேலியாகக் கத்தினான்.

ஜெபகுமார் ஓடினான். வலிக்கவில்லை. மூலையில் நின்று திரும்பிப் பார்த்தான்.

நாற்காலியில், பிரேஸ் போட்ட காலை நீட்டி, அவனே இன்னும் உட்கார்ந்திருந்தான்.