மெல்லும் சத்தம்

நாற்பது நாளாக அவள் சமையலறையில் தனியாகச் சாப்பிடுகிறாள். அவள் மெல்லும்போது தாடை நறநறவென்கிறதாம், கணவருக்குச் சோறு இறங்கவில்லையாம். இன்று டாக்டரிடமே இழுத்து வந்துவிட்டார்.

அவள் காதோரம் டாக்டர் விரல் வைத்து, வாயைத் திறந்து மூடச் சொல்லிப் பார்த்தார். "சத்தமே இல்லையேம்மா?"

கணவர் குறுக்கிட்டார். "நல்லாப் பாருங்க டாக்டர். இவ கதவைச் சாத்திட்டுத் தின்னாலும் எனக்குக் கேக்குது!"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நேத்து நான் பட்டினிங்க. அப்பவும் கத்தினீங்களே!"

டாக்டர் யோசித்தார். இருவரையுமே ஸ்கேனுக்கு அனுப்பினார். படம் வந்தது.

"தாடை மூட்டோட உள்உறையில குட்டி உருண்டைகள் வளர்ந்திருக்கு. அபூர்வம்தான். புற்றுநோய் இல்லை, எடுத்துடலாம்."

"பார்த்தியாடி, நான் சொன்னேன்ல!"

"மூட்டு காதை ஒட்டி இருக்கு. அவங்க பட்டினி கிடந்தாலும் உங்களுக்குக் கேக்கத்தான் செய்யும். இது உங்க தாடை, சார்."