கண்ணாடியில் ஒரு கை

நாலாவது நாளும் மதியம் சாப்பிட்டு வந்து பார்த்தால், கண்ணாடியில் கை இருந்தது.

உள்ளங்கை. ஐந்து விரல். கட்டை விரல்கூடச் சரியான இடத்தில்.

பேராசிரியர் குனிந்து இன்னொரு தரம் எண்ணிப் பார்த்தார்.

சோதனை சின்னதுதான். இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவே கெட்டி எண்ணெய். நடு ஓட்டை வழியாகச் சிவப்புத் தண்ணீரை மோட்டார் மெல்லத் தள்ளும். சும்மா விட்டால் தண்ணீர் விரல் விரலாகக் கிளைத்து ஓடும். மின்சாரம் பாய்ச்சினால் விரல் வராது. தட்டு மாதிரி வட்டமாகப் பரவும். அதைப் பார்க்க அடுத்த வாரம் பெரிய ஆட்கள் வருகிறார்கள்.

"பழைய அட்டெண்டர் கைதான் சார் அது" என்றார் கிளார்க், வாசலிலேயே நின்று. "இந்த மேஜையிலதானே ஷாக் அடிச்சுப் போனாரு."

"பேய்க்கு வேற வேலை இல்லையா? போய் உம்ம ஃபைலைப் பாரும்."

சொல்லிவிட்டாரே தவிர, அந்தச் சாவு பற்றிய அறிக்கை ஞாபகத்துக்கு வந்தது. 'ஊழியரின் கவனக்குறைவே காரணம்' என்று அதை எழுதியது அவர்தான். மூன்று மாதம் பூட்டிக் கிடந்த லேபை போன வாரம்தான் திறந்தார்கள். யாரும் கிட்டே வராததால் கண்ணாடியை எடுத்துத் துடைப்பதும் அவரேதான்.

மறுநாள் மதியம் சாப்பிடப் போவதாகச் சொல்லிவிட்டு, பீரோ மறைவில் நின்றார். வட்டம் அழகாக வளர்ந்துகொண்டிருந்தது.

கதவு திறந்தது. செத்துப்போன அட்டெண்டரின் மனைவி. புருஷன் வேலையை அவளுக்குக் கொடுத்து ஒரு வாரம்தான் ஆகிறது. நேராக வந்து மின்சார சுவிட்சை அணைத்தாள்.

மோட்டார் நிற்கவில்லை. வட்டத்தின் விளிம்பில் ஒவ்வொன்றாக விரல் முளைத்தது.

"நீதானா?" வெளியே வந்தார். "பழி வாங்கறியா? ஒரு வரி எழுதினா வேலை போயிடும், தெரியுமா?"

அவள் பதறவில்லை.

"சாப்பிட்டு வந்ததும் நேரா கண்ணாடில கை வைக்கிறீங்க சார். ஒரு நாளாவது சுவிட்சைப் பார்த்தீங்களா?"

'அணைச்சாச்சு, துடைய்யா' என்று அன்றைக்கு அட்டெண்டரிடம் அவர் சொன்னது அவர் காதிலேயே கேட்டது.

"எனக்கு ஃபோன் வந்தப்ப துணி காயப்போட்டுட்டு இருந்தேன்" என்றாள், விளக்குமாற்றை எடுத்துக்கொண்டே. "உங்க வீட்டம்மாவுக்கு அப்படி ஒரு ஃபோன் வர வேண்டாம் சார்."