மயில்துத்தத்தில் ஒரு துளி

மிதக்க வேண்டும்.

விரல் நுனியில் ஊசி இறங்கியபோது அவள் அதைத்தான் வேண்டிக்கொண்டாள். எந்தச் சாமியிடம் என்று அவளுக்கே தெரியவில்லை. இப்படியொரு வேண்டுதல் எந்தச் சாமிக்கும் வந்திருக்காது.

மேசைமேல் ஒரு கண்ணாடிக் குப்பி. அதில் நீலமாக மயில்துத்தக் கரைசல். துளி மூழ்கினால் ரத்தத்தில் சத்து இருக்கிறது, இன்று ஒரு பை எடுப்பார்கள். மிதந்தால் எடுக்க மாட்டார்கள்.

எடுக்காவிட்டால் பதினெட்டாம் தேதி ஆபரேஷன் இல்லை.

அவளுடைய ரத்தம் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கும் வகை. "வெளிய தேடினா கெடைக்காதும்மா. உங்க ரத்தத்தையே முன்கூட்டி எடுத்துச் சேத்து வெச்சிரலாம்" என்றிருந்தார் டாக்டர். போன வாரம் எடுத்த முதல் பை, அவள் கையெழுத்தோடு பக்கத்து அறைக் குளிர்பெட்டியில் இருக்கிறது. இன்னும் இரண்டு வேண்டும்.

முதுகுத்தண்டில் கட்டி. நெல்லிக்காய் அளவுதான். அதற்குள் இடது கால் மரத்துப்போனது. ஒருநாள் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் கடைத்தெருவில் பாதி தூரம் நடந்துவிட்டாள். மறுநாளே அவள் கணவன் தயாளன் இடது செருப்புக்குப் பின்பக்கம் எலாஸ்டிக் பட்டை தைத்துக் கொடுத்தான்.

தள்ளிப்போட்டால் அடுத்த காலும் போகும் என்றார்கள். முதுகைக் கிழிப்பார்கள் என்பது மட்டும்தான் அவள் காதில் விழுந்தது.

பயம். வாயில் வைத்த சோறு உள்ளே இறங்காத பயம்.

தினமும் காலையில் தயாளன் இரும்புச்சத்து மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கும்வரை எதிரிலேயே நிற்பான். அவள் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வாள். அவன் தலை மறைந்ததும் வாஷ்பேசினில் துப்புவாள்.

ஏழு நாளும் துப்பினாள்.

இப்போதும் அவன் கதவுக் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறான். கையில் டப்பா. அதில் அவனே கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம்.

துளி விழுந்தது.

கொஞ்சம் இறங்கியது.

நின்றது.

பிறகு மெல்ல மேலே வந்தது.

"இன்னைக்கு முடியாதுக்கா. மாத்திரய ஒழுங்காப் போடுங்க. தேதிய டாக்டர் அடுத்த மாசத்துக்கு மாத்திருவாங்க" என்றாள் ரத்தம் எடுக்கும் பெண்.

ஒரு மாதம். அவளுக்கு மூச்சு வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

எழுந்தாள். வெளியே போனதும் தயாளனைப் பார்க்க வேண்டும். முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டாள். அதுகூடச் சரியாக வந்தது. கதவை நோக்கி நான்கு எட்டு வைத்திருப்பாள்.

"அக்கா, செருப்பு."

திரும்பினாள். நாற்காலிக்கு அடியில் ஒற்றைச் செருப்பு கிடந்தது.

அதில் எலாஸ்டிக் இல்லை.

குனிந்து பார்த்தாள். வலது பாதம் வெறுந்தரையில் இருந்தது. ஏசி அறை. மொசைக் தரை.

சில்லென்று இருந்திருக்க வேண்டும்.

கதவுக்கு அந்தப் பக்கம் தயாளன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தான். அவள் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். குத்தாத கையை நீட்டினாள்.

"இந்த வெரல்ல ஒருவாட்டி பாரும்மா."