இரும்போடு வந்தவர்கள்

வந்திருந்தவர்கள்: சாவிக்கொத்தோடு அப்பா அருமைராஜ், தோசைக்கரண்டியோடு அத்தை பாக்கியம், ஸ்பேனரோடு பக்கத்து வீட்டு சபாபதி. நடுவில் பாய் விரித்துப் படுத்திருந்தாள் குழலி.

அவள் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த வில்லை, வலிப்பு வருவதற்கு இருபது நிமிடம் முன்பே வீட்டார் போன்களுக்கெல்லாம் சொல்லிவிடும். அடுத்தது எத்தனை நாளைக்கு வராது என்றும் சொல்லும். இருந்தும் பதினான்கு வருடமாக அவள் அறைச்சாவி அப்பாவின் கொத்தில்தான். அவள் உடை மாற்றும்போதுகூட அத்தை கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவாள்.

“மூளைக்குள்ள மின்சாரம் தாறுமாறா ஓடுது அத்தை. இரும்பு என்ன பண்ணும்? ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, கடிகாரத்தைப் பாருங்க, போதும்.”

“பேசாம படுடி. இன்னும் நாலு நிமிஷம் இருக்கு.”

“சபாபதி, உங்க ஸ்பேனர் முலாம் பூசினதாச்சே, கேக்குமா?” என்றார் அப்பா.

“உங்க கொத்துல மட்டும் என்ன, பாதி பித்தளை!”

இவர்களை நம்பிப் பயனில்லை என்று குழலி தானே ஒருக்களித்துக்கொண்டாள். வலிப்பு சொன்ன நேரத்துக்கு வந்து, ஒன்றரை நிமிடத்தில் ஓய்ந்தது. அதற்குள் அப்பா முந்திக்கொண்டு சாவிக்கொத்தை அவள் கையில் திணித்திருந்தார்.

அரைமணி நேரம் தூங்கி எழுந்தபோதும் கொத்து கையிலேயே இருந்தது. பிடுங்கினால் வலிப்பு திரும்ப வந்துவிடும் என்று அத்தை யாரையும் நெருங்க விடவில்லை.

“அடுத்த பன்னிரண்டு நாளைக்கு இல்லை,” என்றது வில்லை.

அப்பா கையை நீட்டினார். “குடும்மா.”

“குடுத்தா திரும்ப வந்துடுமாம்ப்பா. அத்தையைக் கேளுங்க.”

குழலி தன் அறைக்குள் போய், கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து பூட்டினாள்.