பழைய வாடகைக்கே

தையல் மெஷின் வண்டியில் ஏறியதைப் பார்த்ததும் வீட்டுக்காரருக்கு வயிறு குளிர்ந்தது. இதற்காகத்தான் மனிதர் இரண்டு வருஷமாகக் கறுவிக்கொண்டிருந்தார்.

டெய்லரம்மாவைக் கிளப்பிவிட்டுக் கம்ப்யூட்டர்காரர்களுக்கு விடலாம் என்றுதான் அவர் இந்த வீட்டை வாங்கியதே. தெருவே அப்படி மாறிக்கொண்டிருந்தது. டிரைவர் குடும்பம் போயிற்று, பழக்கடைக்காரர் போனார்; இந்த அம்மா மட்டும் அசையவில்லை.

தண்ணீர்க் குழாயை அடைத்துப் பார்த்தார். அவள் நேரே நகராட்சிக்குப் போய், தெருவே வேடிக்கை பார்க்க, அவர் கையாலேயே அதைத் திறக்க வைத்துவிட்டாள். அன்றைக்குப் பட்ட அவமானம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"வாடகையை ஏத்தியே தர்றேன் சார்" என்று அவள் கெஞ்சியபோதும் அவர் இறங்கி வரவில்லை. "தங்கத்தைக் கொட்டினாலும் உனக்குக் கிடையாது" என்றுவிட்டார். இரண்டு வருஷத்தில் அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்ததுகூட இல்லை. வாசலில் நின்று கத்துவதோடு சரி.

"எல்லாம் எடுத்தாச்சா?"

"ஆச்சு சார்." சாவியை நீட்டினாள்.

அழுவாள் என்று ஆசையாக வந்தவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மிச்சமிருந்த விஷத்தையும் கக்கினார்.

"புதுசா வர்ற பொண்ணு பெரிய கம்பெனில வேலை பாக்குது. உன்னோட பழைய வாடகைக்கே விட்டிருக்கேன், தெரியுமா? அது கேட்டபடியே அஞ்சு வருஷ அக்ரிமென்ட், பதிவும் பண்ணியாச்சு. நானே நினைச்சாலும் வாடகையை ஏத்த முடியாது, கிளப்பவும் முடியாது. இனிமே நீ கால்ல விழுந்தாலும் இங்க இடமில்ல!"

"அந்தப் பொண்ணு நல்லா இருக்கட்டும் சார்."

அவள் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். தெருமுனை வரை போன வண்டி அங்கேயே நின்றுவிட்டது. டிரைவருக்கு டீ குடிக்க நேரம் வந்துவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டார்.

புதுப் பெண் தோளில் ஒற்றைப் பையோடு வந்தாள். வீடு கேட்டு வருகிறவர்களை ஊர், உறவு, எத்தனை பேர், யார் வந்து போவார்கள் என்று குடைந்து எடுக்கிற மனிதர், இவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

"வாம்மா, பின்கட்டையும் பாத்துடு" என்று உள்ளே அழைத்துப் போனார்.

பின்கதவுத் தாழ்ப்பாள் மக்கர் செய்தது. இழுத்தார், தட்டினார், சட்டை நனைந்ததுதான் மிச்சம்.

"தள்ளிக்கோங்க சார்." அவள் கதவைத் தோளால் லேசாக முட்டி, அடியில் கால் கொடுத்துத் தூக்கினாள். தாழ்ப்பாள் வழுக்கிக்கொண்டு வந்தது.

"கெட்டிக்காரப் பொண்ணு!" என்று பூரித்துப்போய் சாவியை அவள் கையில் வைத்தார். "இனிமே இது உன் வீடு. யாரு என்ன கேக்கப்போறா?"

"அக்ரிமென்ட்லயும் அப்படித்தான் சார் இருக்கு."

வாசலில் ஹாரன் அடித்தது. தெருமுனையில் நின்ற வண்டி பின்பக்கமாகவே வந்து, வீட்டுப் படியை ஒட்டி நின்றது. முன்சீட்டில் டெய்லரம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரருக்குச் சுர்ரென்று ஏறியது. "இன்னும் என்ன? எதையாச்சும் மறந்துட்டியா?"

பதில் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்து வந்தது.

"அம்மா, இறங்கு. நம்ம மெஷினைப் பழைய இடத்துலயே போட்டுடலாம்."