ஏரியில் விட்டால் என்ன?

"தொட்டியில கை வெச்சீங்க, நடக்கிறதே வேற!"

தையல்காரம்மா கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலேயே கத்தினாள்.

வாசலில் நின்ற மீன்வளத் துறை அதிகாரி அசையவில்லை. கையில் உத்தரவு. பின்னால் பெரிய பெட்டியோடு இரண்டு ஊழியர்கள்.

"இது முதலைவாய் மீன்மா. வெளிநாட்டு வேட்டை மீன். வீட்டுல வளர்க்கத் தடை போட்டு ஆறு மாசமாச்சு. ரெண்டு தடவை நோட்டீஸ் அனுப்பிட்டோம்."

"வந்துச்சு. பிரிச்சுப் படிக்கத்தான் மனசு வரல." அவள் குரல் இறங்கியது. "விரல் நீளம் இருக்கும்போது என் வீட்டுக்காரர் வாங்கிட்டு வந்தது சார். அவர் போய் ஒரு வருஷமாச்சு. இந்த வீட்டுல நான் கிட்டப் போனா ஓடி வர்ற உசிரு இது ஒண்ணுதான்."

சுவரை அடைத்து நின்ற தொட்டிக்குள், கை நீளம் வளர்ந்துவிட்ட மீன் புரள இடமில்லாமல் வளைந்து கிடந்தது.

"கொண்டு போய் என்ன பண்ணுவீங்க?"

"மருந்து கொடுத்து... தூங்க வெச்சிருவோம். வலி தெரியாது."

அவள் தொட்டிக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டாள்.

சத்தம் கேட்டு மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்தார்.

"சார், பக்கத்துலதானே ஏரி? அதுல விட்டா அது பாட்டுக்குப் பிழைச்சுட்டுப் போகுது. நீங்களும் பிடிச்சாச்சுன்னு எழுதிக்கலாம். யாருக்கு என்ன நஷ்டம்?"

"ஆமா சார்." தையல்காரம்மா கைகூப்பினாள். "கண்ணுல படலைன்னாலும், எங்கயோ உசிரோட இருக்குன்னு நினைச்சுக்குவேன்."

"முடியாதும்மா."

"உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?" மாடிவீட்டுக்காரர் பொரிந்தார். "வாயில்லா ஜீவன் சார்! நாற்காலி கிடைச்சிட்டா எல்லாரும் கல்லாயிடுறீங்க."

அதிகாரி அவரைப் பார்க்கவில்லை. அவளிடம்தான் பேசினார்.

"எங்க ஊர்லயும் ஒரு ஏரி இருக்கும்மா. பதினோரு குடும்பம் அதுல வலை போட்டுத்தான் பிழைச்சுது. இதே இனத்துல ரெண்டு மீன் உள்ள போச்சு. ரெண்டு நூறாச்சு. குஞ்சு குருமான் மிச்சமில்லாம தின்னு தீர்த்துருச்சு. வலை போட்டா, வலையையும் கிழிச்சுது. ஒவ்வொரு குடும்பமா ஊரைக் காலி பண்ணிட்டுப் போனாங்க. கடைசியாப் போனது எங்க வீடு. எங்கப்பா கிளம்புற அன்னைக்குக் கரையில நின்னு, 'தண்ணி இவ்வளவு கிடக்கு, மீனைக் காணோமே'ன்னு குழந்தை மாதிரி அழுதார்."

தையல்காரம்மா திரும்பி மீனையே பார்த்தாள். கண்ணாடியில் ஒரு முறை உள்ளங்கையைப் பதித்து எடுத்தாள். பிறகு மெல்ல விலகி வழிவிட்டாள்.

ஊழியர்கள் பெட்டியோடு உள்ளே வந்தார்கள்.

"எந்தப் பாவி சார் அந்த மீனைக் கொண்டு போய் ஏரியில விட்டது?" என்றாள் ஆற்றாமையோடு.

அதிகாரியின் குரல் தழைந்தது.

"பாவம் பார்த்துத்தாம்மா விட்டேன். தொட்டியில இடம் பத்தல, கொல்லவும் மனசு வரல. அப்போ எனக்குப் பதினேழு வயசு."